ஓவன் இல்லாத வீட்டில் ஈஸ்டர் ஸ்கோன்

மூன்றாம் ஆண்டு, ஹோட்டல் மேலாண்மை மற்றும் கேட்டரிங் டெக்னாலஜி



பேக்கரி பாடம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. கல்லூரி லேபில் ஓவன் இருக்கிறது, தராசு இருக்கிறது, ஃப்ரிட்ஜ் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் அடுப்பும் தோசைக்கல்லும்தான். "லேபில் செய்தது லேபோடு சரி, வீட்டில் எங்கே செய்து பார்ப்பது?" என்று ரெக்கார்டு நோட்டை மூடி வைத்துவிடுகிறோம். தேர்வு நெருங்கியதும் அளவுகளை மட்டும் உருப்போடுகிறோம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் வைவாவில், "வெண்ணெய் ஏன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்?" என்று ஒரே ஒரு "ஏன்" கேட்டால் போதும், பாதிப் பேருக்கு வாய் திறக்காது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு அதன் "ஏன்"களை எல்லாம் பார்க்கலாம். பண்டத்தின் பெயர் ஸ்கோன். பிரிட்டனில் ஈஸ்டர் சமயத்தில் பட்டை, ஜாதிக்காய் வாசனையோடு உலர்பழம் சேர்த்து வீட்டில் செய்வார்கள். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு பதம். இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்கோன் பிறந்தது ஓவனில் அல்ல. தோசைக்கல் மாதிரி ஓர் இரும்புக் கல்லில்!

1. பிறந்த கதை

ஸ்கோனின் சொந்த ஊர் ஸ்காட்லாந்து. குளிரும் ஈரமும் நிறைந்த அந்த மண்ணில் கோதுமையை விட ஓட்ஸும் பார்லியும் நன்றாக விளைந்தன. சாதாரணக் குடியானவர் வீட்டில் ஓவன் கிடையாது. அடுப்பு நெருப்புக்கு மேலே கைப்பிடி வைத்த வட்டமான இரும்புத் தட்டு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கர்டில். அதன்மேல் மாவை வட்டமாகத் தட்டிப் போட்டு, திருப்பிப் போட்டுச் சுட்டு எடுப்பார்கள். காவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தை மொழிபெயர்த்து 1513-ல் முடித்தார். அந்த மொழிபெயர்ப்பிலேயே ஸ்கோன் என்ற சொல் வந்துவிட்டது. அதாவது 500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பண்டம் இது.

வட்டமாகச் சுட்டதை நாலு துண்டாக வெட்டுவது வழக்கம். அந்தத் துண்டுக்கு "ஃபார்ல்" என்று பெயர். நாலில் ஒரு பங்கு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஓவன் வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான், அச்சில் வெட்டி, உயரமாக எழும்பி, இப்போது நாம் படத்தில் பார்க்கிற ஸ்கோன் பரவலானது.

இன்னொரு சங்கதி. "ஸ்கோன் என்பதா, ஸ்கான் என்பதா? தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே" என்று யோசிக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய எல்லாரும் "ஸ்கான்" என்கிறார்கள். இங்கிலாந்தின் சில பகுதிகளில் "ஸ்கோன்" என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய ஊருக்கும் இதே எழுத்துதான். ஆனால் அந்த ஊரை "ஸ்கூன்" என்று சொல்ல வேண்டும்! அவர்களுக்குள்ளேயே இன்னும் தீராத வழக்கு. ஆகவே நாம் தைரியமாக வாயைத் திறந்து சொல்லலாம்.

2. ஈஸ்டருக்கு என்ன தொடர்பு?

ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் வராது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டர். ஆகவே மேற்கத்திய திருச்சபைகளில் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்கு முந்திய 40 நாள் தவக்காலம். முற்காலத்தில் ஐரோப்பாவில் அந்த நாட்களில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் கூட விலக்கு. விரதம் முடிந்ததும் வெண்ணெயும் பாலும் பழமும் சேர்ந்த பண்டங்கள் சமையலறைக்குத் திரும்பி வந்தன. ஈஸ்டர் பண்டங்கள் செழிப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

புனித வெள்ளியன்று இங்கிலாந்தில் சிலுவைக் குறி போட்ட மசாலா பன் சாப்பிடுவது பழைய வழக்கம். இந்த வாசனை ரொட்டிகளை அடக்கச் சடங்கு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் இவற்றுக்குத் தவிர மற்ற நாளில் விற்கக் கூடாது என்று 1592-ல் லண்டன் சந்தை அதிகாரி உத்தரவே போட்டார். அந்தப் பன்னுக்கு ஈஸ்ட் வேண்டும், மாவு பொங்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே வாசனையை அரை மணி நேரத்தில் கொண்டு வருவதுதான் ஈஸ்டர் ஸ்கோன். அதற்கு வழி செய்தது வேதியியல்!

3. மாவு ஏன் உப்புகிறது?

நம்ம இட்லி மாவு ராத்திரி முழுக்கப் பொங்குகிறது. அதில் நுண்ணுயிர்கள் வேலை செய்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை உண்டாக்குகின்றன. ஸ்கோனில் அந்த வேலையைச் செய்வது பேக்கிங் பவுடர். இதை 1843-ல் பர்மிங்ஹாம் நகர மருந்துக்கடைக்காரர் ஆல்பிரட் பேர்ட் உருவாக்கினார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் சேர்ந்த ரொட்டி உடம்புக்கு ஆகாது. மனைவி சாப்பிட ஒரு ரொட்டி வேண்டும் என்று தொடங்கிய முயற்சி, உலகத்துச் சமையலறைகளையே மாற்றிவிட்டது. இரண்டே ஆண்டில், 1845-ல், பிரிஸ்டல் நகரின் ஹென்றி ஜோன்ஸ் தானாக உப்பும் மாவுக்குக் காப்புரிமை பெற்றார்.

பேக்கிங் பவுடர் என்பது என்ன? நம்ம ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். அதோடு பொடி வடிவில் ஓர் அமிலப் பொருள். இரண்டும் டப்பாவுக்குள்ளேயே சண்டை போடாமலிருக்க ஈரத்தை உறிஞ்சும் சோள மாவு. தண்ணீர் பட்டதும் சோடாவும் அமிலமும் சேர்ந்து வாயுவை விடுகின்றன.

கணக்குப் பார்ப்போமா? ஆப்ப சோடாவின் மூலக்கூறு எடை 84. ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் எடுத்தால் 5-ஐ 84-ஆல் வகுக்க 0.06 மோல். அமிலத்தோடு முழுவதும் வினைபுரிந்தால் அதே 0.06 மோல் வாயு. அறை வெப்பத்தில் ஒரு மோல் வாயு சுமார் 24 லிட்டர். ஆக, ஒரு டீஸ்பூன் சோடாவுக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர்! முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் "மோல் எதுக்குடா?" என்று சலித்துக்கொண்டோமே, அதன் பதில் மாவுக்குள் இருக்கிறது.

அமிலம் இல்லாமல் வெறும் சோடாவைப் போட்டால்? சூட்டில் அது தானாகவே சிதையும். ஆனால் இரண்டு மோல் சோடாவுக்கு ஒரு மோல் வாயுதான் வரும், அதாவது பாதி. மிச்சமாக சோடியம் கார்பனேட், நாம் சொல்லும் சலவை சோடா, தங்கிவிடும். சோடா கூடிப்போன பண்டம் சோப்பு மாதிரி ருசிப்பதற்கு இதுதான் காரணம். பேக்கிங் பவுடர் இல்லாவிட்டால் ஆப்ப சோடாவோடு புளித்த மோர் சேர்க்கச் சொல்வதற்கும் காரணம் இதுவே. மோரிலுள்ள லாக்டிக் அமிலம் கணக்கைச் சரி செய்துவிடுகிறது.

4. வெண்ணெய் ஏன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்?

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, சுமார் 16 சதவீதம் தண்ணீர். குளிர்ந்த வெண்ணெயை மாவோடு விரல் நுனியால் உதிர்த்தால் அது உருகாமல் சின்னச் சின்னத் துணுக்குகளாக நிற்கும். கல்லில் சூடேறும்போது கொழுப்பு உருகி மாவுக்குள் இறங்கும். துணுக்கு இருந்த இடத்தில் சின்ன இடைவெளி. தண்ணீர் ஆவியாகி அந்த இடைவெளியைத் தள்ளித் திறக்கும். மெக்கானிக்கல் நண்பர்கள் ஸ்டீம் டேபிளைத் திறந்து பாருங்கள். 100 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ நீராவி அடைக்கும் இடம் சுமார் 1.67 கன மீட்டர். 60 கிராம் வெண்ணெயில் தண்ணீர் சுமார் 10 கிராம். அது முழுக்க ஆவியானால் 16 லிட்டருக்கும் மேல்! அதில் சிறு பங்கு ஆவியானாலே பொறுபொறுவென்ற பதம் வந்துவிடும். முன்பே வெண்ணெய் உருகிவிட்டால் துணுக்கும் இல்லை, இடைவெளியும் இல்லை.

ஏப்ரல் மாத வெயிலில் நம்ம ஊரில் வெண்ணெய் கையிலேயே உருகும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் வெண்ணெயை உருண்டையாக்கி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்து, விடியற்காலையில் வேலையை ஆரம்பிக்கலாம். வெண்ணெயைப் பழைய வீடுகளில் தண்ணீரில் போட்டு வைத்த வழக்கம் நமக்குத் தெரிந்ததுதானே!

5. ஏன் பிசையக் கூடாது?

கோதுமையில் குளுட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உள்ளன. தண்ணீர் பட்டு, பிசையப் பிசைய இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், ஸ்கோனுக்கு வேண்டாம். வெண்ணெய் மாவுத்துகள்களின் மேல் பூச்சாகப் படிந்து அந்த வலையைத் தடுக்கிறது. பால் ஊற்றிய பிறகு கத்தியால் கிளறி, ஏழெட்டுத் தரம் மடித்து அமுக்கினால் போதும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் பாடத்தைத் திறந்த முதல் ஆள் நான்தான். ஆனால் மாவுப் பதம் பார்ப்பதில் நான் கடைசி ஆள்! நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்னப்பா, பிசையாம அப்படியே உதிரியா வெச்சிருக்க?" என்று கேட்டார்கள். குளூட்டன் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே, "ஓ... அதிரசம், முறுக்குக்கெல்லாம் இழுவை வந்தா கெட்டுப்போகும்ல, அது மாதிரியா?" என்றார்கள். முறுக்கு மாவில் வெண்ணெய் போட்டு உதிரியாகப் பிசிறுவதும் இதே தத்துவம்தான். அரிசியில் குளூட்டன் கிடையாது என்பது மட்டும் வித்தியாசம். அங்கே கொழுப்பு மொறுமொறுப்புக்கு உதவுகிறது. அம்மாவிடம் பதம் இருக்கிறது, நம்மிடம் பெயர் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை.

6. வாசனை வந்த வழி

பிரிட்டனில் "மிக்ஸ்டு ஸ்பைஸ்" என்று ஒரு பொடி விற்கிறது. அதிலுள்ள பெரும்பாலான மசாலாக்கள் பிரிட்டனில் விளைபவை அல்ல! லவங்கப்பட்டையின் தாயகம் இலங்கை. கிராம்பு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து, ஜாதிக்காய் அங்கேயே உள்ள பண்டா தீவுகளிலிருந்து வந்தவை. இந்த வாசனைக்காக போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடலில் அடித்துக்கொண்ட கதை வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பொடியில் நம்ம ரசத்துக்குப் போடும் கொத்தமல்லி விதையும் உண்டு என்றால் நம்புவீர்களா? இனிப்பில் கொத்தமல்லி! போட்டுப் பாருங்கள், ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு மணம் வரும்.

இதிலும் ஒரு "ஏன்" உண்டு. பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு என்ற பொருள் ஈஸ்டின் வளர்ச்சியைத் தடுக்கும். அதனால் ஈஸ்ட் பன்னில் பட்டைத்தூள் கூடினால் மாவு பொங்கச் சுணங்கும். பேக்கிங் பவுடருக்கு உயிர் கிடையாது, ஆகவே அந்தக் கவலையும் கிடையாது. வாசனையை ஸ்கோனில் தாராளமாகப் போடலாம். நம்ம கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அளவு பார்த்துப் போடவும்.

7. தேவையான பொருள்கள்

பேக்கரித் தொழிலில் மாவை 100 சதவீதம் என்று வைத்து மற்றவற்றைக் கணக்கிடுவார்கள். அந்த முறையிலேயே தருகிறேன். 8 துண்டுகள் வரும்.

மைதா - 250 கிராம் (100 சதவீதம்)
பேக்கிங் பவுடர் - 12 கிராம், 3 தட்டை டீஸ்பூன் (சுமார் 5 சதவீதம்)
வெண்ணெய் - 60 கிராம் (24 சதவீதம்)
சர்க்கரை - 40 கிராம் (16 சதவீதம்)
உலர் திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி சேர்த்து - 75 கிராம் (30 சதவீதம்)
காய்ச்சி ஆறிய பால் - சுமார் 140 மி.லி. (56 சதவீதம்)
உப்பு - ஒரு சிட்டிகை
வாசனைப் பொடி - ஒன்றரை டீஸ்பூன்

தராசு இல்லையா? 240 மி.லி. கப்பில் மைதாவை அமுக்காமல் நிரப்பித் தட்டையாக வழித்தால் சுமார் 125 கிராம். இரண்டு கப் போதும். அங்கே கருப்புத் திராட்சையும் ஆரஞ்சுத் தோல் பாகும் போடுவார்கள். நமக்கு டூட்டி ஃப்ரூட்டி. அது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் செய்வதுதான். வாசனைப் பொடிக்கு: பட்டைத்தூள் 1 டீஸ்பூன், சுக்குப்பொடி அரை, மல்லிப்பொடி அரை, துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்பு 2 - சேர்த்து இடித்துச் சலிக்கவும்.

8. செய்முறை

(அ) திராட்சையைச் சூடான டீ டிகாஷனில் 20 நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றவும். ஊறாத பழம் மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

(ஆ) மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, வாசனைப் பொடி நான்கையும் இரண்டு முறை சலிக்கவும். பவுடர் ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அங்கே மட்டும் கசக்கும்.

(இ) குளிர்ந்த வெண்ணெயைத் துண்டாக்கிப் போட்டு, விரல் நுனியால் ரவை மாதிரி உதிர்க்கவும். உள்ளங்கை படக் கூடாது; உள்ளங்கைச் சூடு அதிகம்.

(ஈ) சர்க்கரை, பழம் சேர்க்கவும். நடுவில் குழி செய்து பாலில் முக்கால் பங்கை ஊற்றி, கத்தியால் கிளறவும். மாவு குடிக்கும் அளவு பார்த்து மிச்சத்தை ஊற்றவும். சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, லேசாகக் கையில் ஒட்டும் பதம் சரி.

(உ) இதற்குமேல் தாமதம் கூடாது! ஈரம் பட்ட நொடியே வாயு கிளம்பிவிட்டது. மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒன்றரை செ.மீ. கனத்தில், 14 செ.மீ. அகல வட்டமாகத் தட்டவும். மாவு தடவிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு. பன்னுக்கு மைதா கரைசலால் தனியாகச் சிலுவை வரைவார்கள். இங்கே நாலு பங்காக்கும்போதே சிலுவைக் குறி தானாக விழுந்துவிடுகிறது!

(ஊ) கனமான இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவிடவும். அம்மா தண்ணீர் தெளித்துப் பார்ப்பது தோசைக்குச் சரி. துளிகள் முத்து முத்தாக உருண்டோடினால் கல் ஏறக்குறைய 200 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். இதை 1756-ல் விளக்கி எழுதிய ஜெர்மானியர் லைடன்ஃப்ராஸ்ட் பெயரால் "லைடன்ஃப்ராஸ்ட் விளைவு" என்பார்கள். ஸ்கோனுக்கு அவ்வளவு சூடு ஆகாது, வெளியே கருகி உள்ளே வேகாது. கல்லில் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவுங்கள். சுமார் ஒரு நிமிடத்தில் இளம் பழுப்பானால் பதம். உடனே கருத்தால் தீயைக் குறைக்கவும்.

(எ) தூவிய மாவைத் துடைத்துவிட்டு, எண்ணெயை லேசாகத் தடவி, துண்டுகளை விரல் இடைவெளியில் அடுக்கவும். மூடி போட்டு, சிறு தீயில் 7 அல்லது 8 நிமிடம். தோசைத் திருப்பியால் திருப்பி மறுபக்கம் அதே நேரம், இம்முறை மூடியில்லாமல். கடைசியில் ஓரங்களை நிறுத்தி வைத்து ஒரு நிமிடம். நடுவில் குச்சி குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

(ஏ) ஓவன் இருப்பவர்கள் மாவை இரண்டு செ.மீ.க்குக் குறையாத கனத்தில் தட்டி, 220 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வைக்கலாம். அச்சால் வெட்டினால் நேராக அமுக்கி எடுக்கவும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும்.

மேல்பக்கப் பழுப்பு நிறமும் மணமும் வெறும் கருகல் அல்ல. பாலிலும் மாவிலும் உள்ள அமினோ அமிலங்கள் சில சர்க்கரைகளோடு சூட்டில் புரியும் வினை அது. 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்யார் எடுத்துச் சொன்னதால் மெய்யார் வினை என்று பெயர்.

சூட்டோடு பிட்டு வெண்ணெய் தடவிச் சாப்பிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் ஸ்டார்ச் இறுகிக் கெட்டியாகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். மிஞ்சினால் மறுபடி கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.

9. வைவாவுக்கு நாலு கேள்விகள்

பேக்கிங் பவுடர் பழசா புதுசா, எப்படி அறிவது? - வெந்நீரில் அரை ஸ்பூன் போட்டால் நன்றாக நுரைத்துப் பொங்க வேண்டும்.

ஸ்கோன் தட்டையாகப் போனால்? - மாவு கலந்து வெகுநேரம் காத்திருந்தது, அல்லது பவுடர் பழசு.

ரப்பர் மாதிரி இழுத்தால்? - அதிகம் பிசைந்ததில் குளூட்டன் வலுத்துவிட்டது.

சோப்பு ருசி வந்தால்? - சோடாவுக்கு ஏற்ற அமிலம் இல்லை.

முடிவுரை

நண்பர்களே! கருவி இருப்பவருக்குத்தான் கல்வி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணக்கார ஹோட்டலில் வெள்ளித்தட்டில் வரும் இந்த ஸ்கோனைக் கண்டுபிடித்தது ஓவனே இல்லாத ஏழைக் குடியானவர் வீட்டு அடுப்படிதான். அதே மாதிரிக் கல் நம் வீட்டிலும் இருக்கிறது. லேபில் படித்த "எப்படி"யோடு ஒரு "ஏன்" சேர்ந்துவிட்டால், ஓவனுக்குப் பதில் தோசைக்கல், ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் டூட்டி ஃப்ரூட்டி, பவுடருக்குப் பதில் சோடாவும் மோரும் என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். "ஏன்" தெரியாதவன் அளவுக்கு அடிமை. தெரிந்தவனுக்கு அளவு ஒரு கருவி.

வருகிற ஈஸ்டருக்கு, கொண்டாடும் நண்பர்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அரை மணி நேரமும் ஒரு தோசைக்கல்லும் போதும். செய்து, கொண்டு போய்க் கொடுத்து, "இது எப்படிடா உப்புச்சு?" என்று கேட்டால் மோல் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்!